அம்மனிடம் கேட்ட நாற்பது கேள்விகள்

"செல் என்றால் என்ன?" என்ற கேள்விக்கு டியூட்டோரியல் மாஸ்டர் எழுதிக் கொடுத்த விடை பதினொரு வரி. அந்தப் பதினொரு வரியையும் நான் இன்றைக்கும் ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லுவேன். சொல்லி என்ன. செல் என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. எழுதினவருக்குத் தெரிந்திருக்கும் என்றும் நான் நம்பவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என் வீட்டுக்காரர் கோர்ட்டில் நகல் எடுக்கிற குமாஸ்தா. தல்லாகுளத்தில் வாடகைக்கு இருந்தோம். ஒரே மகள். எழுபதுகளின் கடைசியில் அவள் விலங்கியல் பட்டப்படிப்பில் மூன்றாம் வருசம், தமிழ் வழியில் படித்துக்கொண்டிருந்தாள். தமிழில் விஞ்ஞானம் படிப்பது என்றால் அப்போது ஊருக்கே இளக்காரம். எதிர்வீட்டு அக்கா தன் மகன் இங்கிலீஷில் படிக்கிற மிதப்பில், "தமிழ்ல சுவாலஜியா? சமையல் குறிப்பு கணக்கால்ல இருக்கும்" என்றாள்.

"ஆமக்கா. ஒங்க மகன் மூணாவது தடவையா அதே பரிச்சைய எழுதுறானே, அவனுக்கு இங்கிலீஷ்ல இன்னும் ஒல கொதிக்கலயோ" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

தமிழில் இருந்ததில் எனக்கு ஒரு வசதி. மகளின் நோட்டு எனக்கு வாசிக்க வந்தது. வாசிக்க வந்ததுதான் வினையாகப் போயிற்று.

எங்கள் பக்கத்தில் படிப்பு என்றால் ஒப்பிப்பது. பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். பெற்றவர்கள் நோட்டைப் பிடித்து, சொல்லச் சொல்ல வரியில் விரலை நகர்த்திக்கொண்டே வருவார்கள். விரல் நின்றால் பிள்ளை நிற்க வேண்டும். எனக்கு என் அப்பா அப்படிச் செய்தார், நான் என் மகளுக்குச் செய்தேன். காலேஜுக்குப் போகிற பெண்ணாயிற்றே என்று கூடப் பார்க்கவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, அடுப்படி நிலையில் அவளை நிறுத்தி ஒப்பிக்கச் சொன்னேன்.

"மைட்டோகாண்ட்ரியாவைச் செல்லின் ஆற்றல் நிலையம் என்பது ஏன்?"

"சாப்பாட்டுல இருக்குற சக்தியைச் செல்லுக்கு ஆகுற மாதிரி மாத்திக் குடுக்குதும்மா. அதனால..."

"'ஆகவே'ன்னு போட்ருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணுன்னா மாஸ்டரு என்னத்துக்கு 'ஆகவே'ன்னு போட்டாரு? மொதல்ல இருந்து சொல்லு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் அன்றைக்குத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். மைட்டோகாண்ட்ரியா ஒரு ஊர்ப் பெயர் என்றால்கூட நம்பியிருப்பேன், அப்படிப்பட்டவள் நான், ஒரு 'ஆகவே'க்காக அவளைத் திரும்ப முதலில் இருந்து நிறுத்தினேன். வரி பிசகினால் மார்க் போய்விடும் என்று சொல்லி வைத்திருந்தது அந்த மாஸ்டர்.

அவரைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடி. பெஞ்சு போதாமல் படிக்கட்டிலும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். மாஸ்டர் சட்டைப்பையில் நாலு பேனா குத்தியிருப்பார், ஒன்றில்கூட மை இருந்து நான் பார்த்ததில்லை. அவர் கொடுப்பதெல்லாம் ஆட்டுக்கல்லில் அரைத்த மாவு மாதிரி ஒரே பதமாகச் சைக்ளோஸ்டைல் செய்த தாள்கள். எந்தக் கேள்வியாக இருந்தாலும் விடை, "இவ்வுலகில் தோன்றிய எண்ணற்ற உயிர்களுள்" என்றுதான் தொடங்கும். மண்புழுவுக்கும் அதே தொடக்கம், கரப்பான் பூச்சிக்கும் அதே தொடக்கம். "இந்த முகவுரைய எடுத்துட்டா விடை மூணு வரிதாம்மா" என்று மகள் சொல்வாள்.

பரீட்சைக்கு முன்னால் அவர் 'முக்கிய வினாக்கள்' என்று ஒரு தாள் கொடுப்பார். ஒரு பேப்பருக்கு நாற்பது கேள்வி. "கண்ண மூடிக்கிட்டுப் படிங்க. போன வருசம் பத்துக்கு ஒம்பது நம்ம தாள்ல இருந்துதான் வந்துச்சு" என்பார். வராமல் எங்கே போகும்? புத்தகத்தையே தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஐம்பது கேள்வி விழாது. கண்மாய் முழுக்க வலையை விரித்துவிட்டு, மீன் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தது என்கிற ஆள். இதெல்லாம் இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பூசை மாடத்தில் வைத்தேன்.

பயம் அப்படி. மேலூரில் என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, தன் மகனுக்கு என் மகளைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். முறை மாப்பிள்ளை. வயல் இருந்தது, கிணறு இருந்தது, பையனும் கெட்டவன் இல்லை. மகள் டீச்சருக்குப் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் அக்காவுக்கும் மகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, கோர்ட்டுக்காரர் இல்லையா, ஒரு தீர்ப்புச் சொன்னார். மூன்றாம் வருசப் பரீட்சையில் ஒரே தடவையில் எல்லாப் பேப்பரும் தேறினால் அவள் மேலே படிக்கலாம். ஒன்றில் விழுந்தாலும் ஆவணியில் மேலூர். எல்லாரும் சம்மதித்தோம். மகளும் தலையை ஆட்டினாள். விழ மாட்டோம் என்ற தைரியம் அவளுக்கு.

நாத்தனார் மாசம் ஒருதரம் மேலூர் பஸ்ஸில் வந்து இறங்கி, மருமகளாக வரப்போகிறவளை ஒரு நடை பார்த்துவிட்டுப் போவாள்.

"என்னத்தா படிக்கிற?"

"தவளையோட ரத்த ஓட்டம் அத்த."

"தவளைக்கு என்னத்தா நோவு?"

"ஒண்ணும் இல்ல அத்த."

"நோவு இல்லாத தவளயப் புடிச்சு அறுத்துப் பாக்கவா இம்புட்டு செலவு. எங்க வயல்ல வந்து பாரு, சும்மாவே கத்துது."

மகள் சிரித்துவிடுவாள். அத்தையின் மேல் அவளுக்கு வெறுப்பு இல்லை. மேலூரின் மேல்தான் அவளுக்குப் பயம்.

பங்குனியில் மகளுக்கு அம்மை போட்டது.

வெள்ளி செவ்வாய் தவறாமல் தெருக்கோடி மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள் நான். ஆத்தா வீட்டுக்கு வந்துவிட்டால் எப்படி நடந்துகொள்வது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். நிலையில் வேப்பிலை சொருகினேன். தாளிப்பை நிறுத்தினேன். படித்தால் கண்ணில் முத்து இறங்கிவிடும் என்று நோட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். வாழையிலையில் படுத்துக்கொண்டு அந்தப் பெண் என்ன சொன்னாள் தெரியுமா?

"அம்மா, இது வைரஸ்மா. மாஸ்டரு தாள்லயே இருக்கு. முப்பத்தஞ்சாவது கேள்வி. வைரஸ் உயிருள்ளதா உயிரற்றதா, விவாதி."

நான் அவளுக்கும் சேர்த்து என் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "வாய வெச்சுக்கிட்டு சும்மா கெட" என்றேன். முகமெல்லாம் முத்து, அதிலும் சிரிப்பு.

மூன்றாம் தண்ணீர் ஊற்றி அவள் எழுந்தபோது பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் மிச்சம் இருந்தது. முதல் பேப்பர் செல் உயிரியலும் மூலக்கூறு உயிரியலும். உட்கார்ந்தால் தலை சுற்றும், ஒரு மணி நேரம் படித்தால் ஒரு மணி நேரம் படுப்பாள். பெட்டியைத் திறந்து கொடுத்ததும் மாஸ்டரின் தாளை ஒதுக்கி வைத்துவிட்டுப் பாடப்புத்தகத்தைக் கையில் எடுத்தாள்.

"நாப்பதையும் நெட்டுருப் போட இனிமே நேரம் இல்லம்மா. செல்லோட அமைப்பு, செல் எப்படிப் பிரியுது, டி.என்.ஏ. இந்த மூணு பாடத்தையும் புரிஞ்சு படிச்சிர்றேன். மிச்சத்த அதுல இருந்தே எழுதிருவேன்."

இதைவிட ஒரு பிள்ளை தெளிவாகச் சொல்ல முடியாது. எனக்கு எப்படிக் கேட்டது என்றால், குளத்தில் மூன்று மூலையில் மட்டும் தண்ணீர் இருந்தால் போதும் என்று அவள் சொல்வது மாதிரிக் கேட்டது. மூன்று பாடத்தை நம்பி ஒருத்தி பரீட்சைக்குப் போவாளா? நாற்பதில் எது வரும், எது வராது என்று தெரிந்தால் பாதியாவது நெட்டுருப் போடலாமே. மாஸ்டரிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். "நாப்பதும் முக்கியம்னு சொல்லுங்க" என்று பதில் வந்தது. அந்த மனிதரை விட்டால் எதிர்காலம் தெரிந்தவர்கள் எனக்கு வேறு யார் இருந்தார்கள்? ஆத்தாதான்.

கிணறு வெட்டலாமா, சம்பந்தம் பேசலாமா என்று எங்கள் பக்கத்தில் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் ஆகட்டும் என்று உத்தரவு. சிவப்பு என்றால் வேண்டாம். நான் நந்தியாவட்டையும் செவ்வரளியும் கூடை நிறையப் பறித்துக்கொண்டு, மாஸ்டரின் தாளையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

பூசாரி எனக்குத் தெரிந்தவர்தான். விசயத்தைக் கேட்டுவிட்டுத் தாளையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாப்பது தடவையா?"

"நாப்பது கேள்வி இருக்குல்ல அண்ணே."

"ஒரு கல்யாணத்துக்கே ஒரு தடவதானம்மா கேப்போம். ஆத்தா கோவிச்சுக்குவா."

"எங்க வீட்டுல மூணு வாரம் இருந்துட்டு இப்பத்தான அண்ணே போயிருக்கா. எங்களுக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்லுவா."

அவர் பூக்கூடையை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். ஆனால் அம்மனிடம் கேள்வியை வாய்விட்டுச் சொல்லிக் கேட்பதுதான் முறை. அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசிக்க வாசிக்க அவர் சன்னதியைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார். "தாயே, செல் சவ்வின் அமைப்பும் பணிகளும், வருமா வராதா, நீதான் சொல்லணும்." பின்னால் விளக்குப் போட வந்த பெண்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "என்ன சீக்குக்கா இது?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது எனக்குக் கேட்டது. புரதச் சேர்க்கைக்கு வந்தபோது பூசாரி, "சேர்க்கைன்னா, எதும் தப்பான சேர்க்கையா தாயி?" என்று தணிந்த குரலில் விசாரித்தார். இருபது முடிந்ததும் அவருக்கு நா வறண்டது. சோடா வாங்கிக் கொடுத்து மிச்சம் இருபதையும் கேட்டேன்.

பத்தொன்பதுக்கு வெள்ளை வந்தது. இருபத்தொன்றுக்குச் சிவப்பு. செல் பகுப்பில் இரண்டு வகை, மைட்டாசிஸ் ஒன்று, மயோசிஸ் ஒன்று. இரண்டுக்கும் சிவப்பு. வைரஸுக்கு வெள்ளை. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. ஆத்தா தன்னைப் பற்றியே சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து சிவப்பு வந்த கேள்விகளை எல்லாம் குங்குமத்தால் அடித்தேன். மகள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். கோபப்படவில்லை. கெஞ்சுகிற குரலில்தான் பேசினாள்.

"அம்மா, செல் பிரியறத விட்டுட்டு மரபியலுக்கு எங்கம்மா போறது? செவரு இல்லாம ஓடு வேஞ்ச மாதிரி."

"ஆத்தா வராதுன்னு சொல்லிட்டா."

"வராட்டிப் போகுதும்மா. எனக்கு அது தெரியணும். அது தெரிஞ்சாத்தான் மத்தது தெரியும்."

"அம்ம கண்டு எந்திரிச்ச ஒடம்பு இது. அவ பேச்சத் தட்டுவியா நீ?"

இந்த இடத்தில் அவள் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். வைரஸ் என்று விளையாட்டாகச் சொன்னவள்தான். ஆனாலும் என் வயிற்றில் பிறந்தவள். திருநீற்றுத் தட்டை நீட்டினேன். தொட்டு, சிவப்பை இனிமேல் பார்ப்பதில்லை என்று சொன்னாள். மிச்சம் இருந்த நாளெல்லாம் நான் நோட்டைப் பிடித்தேன், அவள் பத்தொன்பது கேள்விகளையும் ஒப்பித்தாள். வரி பிசகவில்லை. என் விரல் ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

அழகர் வருகைக்குத் தல்லாகுளத்தில் பந்தல் போட ஆரம்பித்திருந்த சமயம். தெருவெல்லாம் மூங்கிலும் தென்னங்கீற்றும் கிடந்தன. முதல் பேப்பர் எழுதிவிட்டு மகள் அதையெல்லாம் தாண்டி நடந்து வந்தாள். நான் வாசலுக்கே போய்விட்டேன்.

"வந்துச்சா?"

"எதும்மா?"

"ஆத்தா சொன்னது."

"வைரஸ் வந்துச்சு" என்றாள்.

கேள்வித்தாளை என் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனாள். நின்றபடியே வாசித்தேன். முதல் கேள்வி, எல்லாரும் கட்டாயம் எழுத வேண்டியது, மைட்டாசிஸின் நிலைகளைப் படங்களுடன் விளக்கு என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில் மயோசிஸின் முக்கியத்துவம். அதற்கும் கீழே, இவை இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகள். மூன்று இடத்திலும் என் குங்குமம் இருந்த மாதிரித் தெரிந்தது.

அழகர் வந்தார். கூட்டத்தில் இடிபட்டு நின்று அவரிடமும் கேட்டேன். விடைத்தாள் எழுதி முடித்துக் கட்டிப் போன பிறகு அவர் என்ன செய்வார், பாவம். ஒரு சாமியிடம் கேள்வித்தாளைக் கேட்டவள், இன்னொரு சாமியிடம் மார்க்கைக் கேட்டேன்.

ரிசல்ட் செய்தித்தாளில் வந்தது. அவளுடைய நம்பர் இல்லை. மார்க் பட்டியல் வந்தபோது மற்ற மூன்றிலும் நல்ல மார்க், முதல் பேப்பரில் மட்டும் போய்விட்டாள். சேதி எப்படியோ மேலூருக்குப் போயிற்று. அடுத்த வாரமே நாத்தனார் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு வந்து இறங்கிவிட்டாள். தேறியிருந்தால் அவ்வளவு வேகமாக வந்திருக்க மாட்டாள்.

கூடத்தில் என் வீட்டுக்காரர் நாற்காலியில் இருந்தார். நாத்தனார் பாயில். நான் அடுப்படி நிலையில் நின்றேன். மகள் சுவரோரம்.

"விடுத்தா. எங்க வீட்டுல மாடு கன்னுக்குப் படம் வரஞ்சு பாகமா குறிக்கப் போற? தொழுவத்தப் பாத்துக்கிட்டாப் போதும்" என்று நாத்தனார் ஆறுதல் சொன்னாள். அவளுக்கு அது ஆறுதல்தான்.

என் வீட்டுக்காரர் மகளைப் பார்த்து, "நேத்து மாஸ்டரப் பாத்தேன்" என்றார். "பஜார்ல நாலு பேரு மத்தியில நிப்பாட்டிச் சொல்றாரு. சார், நான் குடுத்த நாப்பதுல அது இருந்துச்சு, ஒங்க பொண்ணு அத மட்டும் விட்டுட்டு வந்துருச்சு, என் மேல தப்பு இல்லன்னு. நெசமா?"

"ஆமாப்பா."

"தாள்ல இருந்ததா?"

"இருந்துச்சு."

"பெறகு ஏன் விட்ட?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாத்தனார் தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள். பேசாமல் இருந்தால் போதும், காரியம் முடிந்துவிடும். மகள் சோம்பேறி என்ற பேரோடு மேலூருக்குப் போய்விடுவாள், நான் வெள்ளி செவ்வாய் கோயிலுக்குப் போய்க்கொண்டு பக்தி உள்ள பொம்பளையாக இருப்பேன். அந்த மாஸ்டரை இங்கே எவ்வளவு கேலி செய்தேன். அவராவது எல்லாவற்றையும் படி என்றார். ஒன்றைப் படிக்காதே என்று சொன்னவள் நான்.

"நான்தான் விடச் சொன்னேன்" என்றேன்.

பூ, பூசாரி, குங்குமம், திருநீற்றுத் தட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது என் காதுக்கே கேலியாக இருந்தது. சோடா வாங்கிக் கொடுத்ததைக்கூட விடவில்லை. என் வீட்டுக்காரர் காலமெல்லாம் கோர்ட்டில் வாக்குமூலங்களை நகல் எடுத்தவர். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.

நாத்தனார்தான் முதலில் பேசினாள்.

"இதுல என்னத்தா தப்பு? பூவு சரியாத்தான் சொல்லிருக்கு. அவ படிக்கிறது ஆத்தாளுக்குப் புடிக்கல. அதான் அந்தக் கேள்விய மறச்சு, இவள நிப்பாட்டி, எங்கிட்ட அனுப்புறா. இதுகூடவா ஒனக்கு வெளங்கல?"

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிசம் எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. ஆத்தா பொய் சொல்லவில்லை. நான் கெடுக்கவில்லை. எல்லாம் அவள் செயல். ஆமாம் மதினி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அப்போது என் பார்வை மகளின் முகத்துக்குப் போயிற்று. நெற்றியில் இரண்டு தழும்பு, மோவாயில் ஒன்று. கண் பத்திரமாக இருந்தது.

"இல்ல மதினி" என்றேன். "மூணு வாரம் ஆத்தா இவ ஒடம்புல இருந்தா. நிப்பாட்டணும்னா அப்பவே நிப்பாட்டிருப்பா. உசிரையும் கண்ணையும் குடுத்துட்டுப் போனவ, பரிச்ச மண்டபத்துல வந்தா கெடுக்கப்போறா? எம் பயத்த நான்தான் அவ வாயில போட்டுப் பேச வெச்சேன். இதுக்கு அவளக் கூப்புடாதீங்க."

"சாமி குத்தம் பேசாத."

"எங்குத்தத்தத்தான் பேசுறேன்."

என் வீட்டுக்காரர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். அக்காவைப் பார்த்து, "தப்பு அவ மேல இல்லக்கா. அக்டோபர்ல அந்த ஒரு பேப்பர எழுதட்டும். அதுவரைக்கும் நான் வாக்குக் குடுக்க முடியாது" என்றார்.

"ஆவணி முகூர்த்தம் ஒம் மக அக்டோபர்ல எழுதி முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமாக்கும்." நாத்தனார் தட்டை எடுத்துக்கொண்டாள். வாசல்படியில் நின்று என்னிடம் மட்டும் சொன்னாள்: "ஏத்தா, வாய மூடிக்கிட்டு இருந்தாப் போதுமே, மகாலட்சுமி மாதிரி கூட்டிட்டுப் போயிருப்பேனே. என்ன பொம்பள நீ." அவள் சொன்னதில் கபடம் இல்லை. நிசமாகவே அவளுக்கு என்னைப் புரியவில்லை. ஆவணியில் மகனுக்கு வேறு இடத்தில் முடித்துவிட்டாள். பத்திரிகை வந்தது, போய் மொய் எழுதி, சாப்பிட்டு வந்தோம்.

அன்று நாத்தனார் தட்டோடு போன பிறகு மகளிடம் கேட்டேன், "ஏண்டி நீ சொல்லல?"

"நீ சொல்றியான்னு பாத்தேன்" என்றாள்.  அது போதும், இன்னும் குத்துகிறது.

அக்டோபருக்கு அவள் படித்த விதமே வேறு. நோட்டைப் பிடிக்க நான் போய் உட்கார்ந்தேன், வழக்கம் விடுமா. அவள் நோட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். "வரியப் பாக்காதம்மா. நான் சொல்றது ஒனக்கு வெளங்குதான்னு மட்டும் பாரு. ஒனக்கு வெளங்கலன்னா எனக்கும் வெளங்கலன்னு அர்த்தம்" என்றாள். எட்டாம் வகுப்புக்காரியை வைத்துப் பட்டப்படிப்பைச் சோதித்துப் பார்க்கிறாளே, இது என்ன கூத்து என்று எனக்குச் சிரிப்பு.

ஒரு நாள் நான் பூக்கட்ட வைத்திருந்த வாழைநாரில் நாலு துண்டு நறுக்கினாள். ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தாள், நடுவில் ஓர் இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்படி விட்டாள். ஒரு தாம்பாளத்தின் நடுவில் நாலையும் வரிசையாக வைத்தாள். இதுதான் குரோமோசோம் என்றாள். பிரிவதற்கு முன்னாலேயே ஒன்று இரண்டாகிவிடுகிறதாம். பிறகு ஒட்டியிருந்த இடத்தையும் பிய்த்து, ஒரு பாதியை இந்தப் பக்கம், ஒரு பாதியை அந்தப் பக்கம் இழுத்தாள். இரண்டு பக்கமும் நாலு நாலு. நடுவில் விரலால் ஒரு கோடு போட்டாள்.

"இப்ப ரெண்டு செல்லு. ரெண்டுத்துலயும் எல்லாம் சமமா இருக்கு. மொதல்ல இருந்தது தாய் செல். இது ரெண்டும் சேய் செல்."

"தாயி எங்க போச்சு?"

"எங்கயும் போகலம்மா. அதுதான் இது ரெண்டும்."

"அப்ப தாய்னு தனியா மிச்சம் ஒண்ணும் இல்லயா?"

"இல்ல."

"என்னடி பாடம் இது. பெத்தவளுக்கு ஒரு மூலகூட வைக்காம."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துச் சிரித்தாள். "ஒனக்கு வெளங்கிருச்சும்மா. அடுத்ததுக்குப் போவோம்" என்றாள்.

அந்தத் தரம் அவள் தேறினாள். பி.எட். படித்தாள். படிக்கும்போதே வந்த ஒரு வாத்தியார் வரனைத் தானே சம்மதித்துக் கட்டிக்கொண்டாள். எண்பதுகளின் நடுவில், வேடிக்கையைப் பாருங்கள், மேலூரிலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். அத்தை வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. "டீச்சரு வந்துட்டா, எலயப் போடு" என்று அத்தையே மருமகளை ஏவுவாளாம்.

ஒரு நாள் மேலூரில் இருந்து ஒரு பெண், துணைக்கு வந்தவளை வாசலில் நிறுத்திவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என்னைத் தேடி வந்தாள். அவளுடைய மகள் என் மகளிடம் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் படிக்கிறாளாம்.

"மத்த டீச்சரெல்லாம் முக்கியமான கேள்வியா பாத்துக் குறிச்சுக் குடுக்குறாங்கம்மா. இவுக மட்டும் குடுக்க மாட்டேங்குறாக. புரிஞ்சு படி, புரிஞ்சு படிங்குறாக. பரிச்ச வந்துருச்சு. நீங்க ஒரு வார்த்த சொன்னாக் கேப்பாக."

"நான் சொன்னா ஒண்ணும் கேக்க மாட்டா" என்றேன். "ஒம் மக படிக்கிறப்ப பக்கத்துல யாரு இருக்கா?"

"நாந்தேன். நோட்டப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துருப்பேன்."

"அந்த நோட்ட வாங்கிக் கீழ வையி. அவ சொல்றது ஒனக்கு வெளங்குதான்னு கேளு."

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்கு எப்படிம்மா வெளங்கும்? நான் மூணாப்பு."

"நான் எட்டாப்பு."

காப்பி கொடுத்தேன். குடித்தாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்பது, பழச்சீப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகலாமா என்று அவள் அதைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. ஆனாலும் வைத்துவிட்டுப் போனாள். வெளிக்கதவைச் சாத்தும்போது, கூட வந்தவளிடம் அவள் சொன்னது உள்ளே கேட்டது.

"மக டீச்சருங்கவும் அந்த அம்மாளுக்குத் தலக்கனத்தப் பாரு. நான் சாமிகிட்டயே கேட்டுக்கிர்றேன்."

எழுந்து ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை. தெருமுனை தாண்டுவதற்குள் அவளைப் பிடித்து, கையோடு திரும்பக் கூட்டிவந்து உட்கார வைத்தேன்.